ஓரகத்தியின் மழை

நெடுவிளாத்தி கிளை நூலகத்தில் துணியிலிருந்து மழை பெய்த அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், நூலகர் இம்மானுவேலுக்குப் புத்தகங்கள் நனைந்துவிடுமே என்கிற கவலை ஒன்றுதான் இருந்தது. அவர் வார இதழ்களை வாரி மேசைக்கு அடியில் தள்ளினார், கழிவறையிலிருந்த பச்சை வாளியைக் கொண்டுவந்து துணிக்கு நேர் கீழே வைத்தார், ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு தன் இடத்தில் போய் உட்கார்ந்தார். கூட்டத்துக்கு வந்திருந்த நாற்பது பேரும் நாற்காலியை இரண்டடி பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். செண்பகவடிவு டீச்சர் மட்டும் நகரவில்லை. சேலைக் கொசுவம் நனைய நனைய முன்வரிசையில் உட்கார்ந்து, தன் ஓரகத்தி ஆவுடைத்தங்கம் ஒட்டுத்துணிகளைச் சேர்த்துத் தைத்த போர்வையிலிருந்து மழை விழுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் கூட்டமே செண்பகவடிவின் யோசனை. பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் முப்பத்தொரு வருஷம் ஓவிய ஆசிரியையாக இருந்து, ஓய்வு பெற்ற மறுநாளே தன் வாழ்க்கையை நாற்பது எண்ணெய் ஓவியங்களில் வரைந்து முடிப்பது என்று உட்கார்ந்தவள் அவள். இருபத்தாறு முடிந்திருந்தன. அப்பாவின் சைக்கிள் கடை, கல்யாணப் பந்தல், வேலை உத்தரவு வந்த காலை, மாநிலப் பரிசு வாங்கிய மேடை என்று ஒவ்வொன்றும் வீட்டு முன்னறையில் சட்டம் போட்டுத் தொங்கின. வந்தவர்கள் பார்த்து, "போட்டோ மாதிரியே இருக்கு டீச்சர்" என்று சொல்லிவிட்டு வந்த காரியத்தைப் பேச ஆரம்பித்தார்கள். போட்டோ மாதிரி என்பது பாராட்டுத்தானா என்று அவளுக்கு நிச்சயமில்லை. அதனால்தான் இம்மானுவேலிடம் போய், பாட்டோ படமோ நடிப்போ களிமண்ணோ, அவரவர் கைக்கு எது வருமோ அதில் அவரவர் வாழ்க்கையைச் சொல்லட்டும், ஒரு கூட்டம் போடுவோம் என்றாள். திக்கித் திக்கி நாலு பாட்டு வரும், கோணல்மாணலாக ஒரு களிமண் வண்டி வரும், நடுவில் தன்னுடைய இருபத்தாறும் நிற்கும் என்று உள்ளுக்குள் ஒரு கணக்கும் இருந்தது. ஆள் குறையக்கூடாதே என்று ஆவுடைத்தங்கத்திடமும் சொல்லிவைத்தாள்: "நீயும் ஏதாவது கொண்டா. சும்மா ஒரு பேருக்கு."

ஆவுடைத்தங்கம் அவள் கொழுந்தன் கோமதிநாயகத்தின் பெண்டாட்டி. இருபது வயதில் அந்த வீட்டுக்கு வந்து, பன்னிரண்டு வருஷம் ஒரே அடுப்பில் சமைத்து, அண்ணன் தம்பி பிரிந்து நடுச்சுவர் வைத்தபிறகு சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவள். புருஷன் போய்ப் பதினான்கு வருஷம் ஆகிறது. ஊர் ரவிக்கைகள் பாதி அவள் மிஷினில்தான் தைக்கப்படும். கட்டைப்பையில் போர்வையை மடித்துக் கொண்டுவந்தவள் அதை அலமாரிக் கம்பியில் விரித்துப் போட்டுவிட்டு, "எனக்குப் பேச வராது. ஒவ்வொரு கட்டமும் ஒரு நாளு. அன்னைக்கு உடம்புல கிடந்த துணி, இல்லன்னா கையில கிடந்த துணி. அம்புட்டுதான்" என்று சொல்லி உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்த கையோடு நடுவிலிருந்த கருநீலக் கட்டத்தில் ஒரு சொட்டு திரண்டு விழுந்தது, இன்னொன்று விழுந்தது, பிறகு மேற்கிலிருந்து சாய்ந்து சாய்ந்து மழை பிடித்துக்கொண்டது.

"இது கோமதிநாயகத்தைத் தூக்குன அன்னைக்குப் பெஞ்ச மழைல்லா" என்றார் டீக்கடை உலகநாதன். "நான் கொடை பிடிச்சு நடந்தேன். இப்படித்தான் சாய்ஞ்சு அடிச்சுது." அன்றைக்குச் சுடுகாடு வரை போன மற்றவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். கூட்டத்துக்குக் கொண்டுவந்து வைத்திருந்த செண்பகவடிவின் படங்களில் இரண்டு நனைகிற தூரத்தில் இருந்ததால் யாரோ எழுந்து அவற்றைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார்கள்.

அந்த வருஷம் புரட்டாசி முடிந்தும் வானத்திலிருந்து ஒரு தூறல் கிடையாது. ஆழ்துளைக் கிணறுகள் காற்றைத்தான் துப்பிக்கொண்டிருந்தன. ஆகவே திங்கட்கிழமை காலையில் ஐந்து பெண்கள் குடத்தோடு வந்து நூலகத்து வாசலில் நின்றதில் யாருக்கும் வியப்பில்லை. இம்மானுவேல் வேப்பமரத்துக்கும் கொடிக்கம்பத்துக்கும் நடுவே ஒரு கம்பி கட்டிப் போர்வையை அங்கே மாற்றினார். வெளியே கொண்டுவந்ததும்தான் மற்றக் கட்டங்களின் குணமும் தெரிந்தது. மஞ்சள் கட்டம் ஆவுடைத்தங்கம் வாழ வந்த சித்திரை மாசத்து வெயில். அதற்கு முன்னால் வற்றல் காயப்போட்டால் இரண்டு மணி நேரத்தில் சருகாகிவிடும். பூப்போட்ட ரோஸ் கட்டம் மகள் பிறந்த தை மாசத்துப் பனி. காய்ச்சல்காரர்களை அதனடியில் உட்கார வைத்தார்கள். தொட்டில் துணியில் ஓயாமல் தென்றல் வந்தது, பாம்புப்பச்சைக் கட்டத்தில் ஆடிக் காற்று புழுதியோடு வந்தது. அதற்கு மாமியார் காற்று என்று பெயரிட்டு, நெல் தூற்றுகிறவர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். சாவு மழையில் லேசாக ஒரு உப்பு இருந்தது. அதைப் பற்றியும் யாரும் பெரிதாகப் பேசவில்லை, அந்தத் தண்ணீரில் குழம்பு வைத்தால் உப்பை அரைச் சிட்டிகை குறைத்துப் போடணும் என்று ஒருத்திக்கு ஒருத்தி சொல்லிக்கொண்டார்கள். கிராம நிர்வாக அலுவலர் வந்து நீர்நிலை என்று எழுதிப் போனார். அந்த நீர்நிலைக்குக் கரை உண்டா, ஆக்கிரமிப்பு உண்டா என்று தாலுகா அலுவலகத்திலிருந்து கேட்டு வந்தது. மேற்படி நீர்நிலை ஒரு போர்வை, சாயங்காலம் மடித்து வீட்டுக்கு எடுத்துப்போகப்படுகிறது என்று அவர் பதில் எழுத, அதோடு அந்தக் கோப்பு படுத்துக்கொண்டது.

ஓரத்தில் ஒரு வெள்ளைக் கட்டமும் இருந்தது. அதிலிருந்து வெயிலும் வரவில்லை, மழையும் வரவில்லை. சும்மா கட்டம் என்று சொல்லி விட்டுவிட்டார்கள். கொஞ்ச நாள் கழித்துத்தான் அதற்கு எதிரே வேப்பிலைகூட ஆடுவதில்லை என்பதையும், நின்றால் நெஞ்சில் உள்ள இரைச்சல் அடங்கிவிடுகிறது என்பதையும் கவனித்தார்கள். பிறகு பரீட்சைக்குப் படிக்கிற பெண்பிள்ளைகளை அங்கே உட்கார வைத்தார்கள். வாய்க்கால் தகராறில் போலீஸுக்குப் போகக் கிளம்பியவர்களையும் முதலில் அங்கே கால் மணி நேரம் நிறுத்தினார்கள், பாதிப் பேர் அப்படியே வீட்டுக்குத் திரும்பினார்கள்.

ஊர் இப்படி அந்தப் போர்வையை மாட்டுத்தொழுவம் போல, மாவு மில் போலத் தன் அன்றாடத்தில் ஒன்றாக ஆக்கிக்கொண்டபோது, அப்படி ஆக்கிக்கொள்ள முடியாமல் கிடந்தது செண்பகவடிவு ஒருத்திதான். ஏனென்றால் அந்த மழையில் அவளும்தான் நனைந்தாள். அந்தச் சித்திரை வெயிலில் ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்று உள்ளங்கால் கொப்பளித்தவள் அவள். அந்தத் தொட்டிலை ஆட்டியதில் பாதி அவளுடையது. ஒரே வீடு, ஒரே வானம், ஒரே மாமியார், அப்படியிருக்க வெயிலும் மழையும் மட்டும் எப்படி ஒருத்தி பேருக்குப் போய்ச் சேரும் என்பது அவளுக்கு விளங்கவில்லை. கொழுந்தன் இறந்த நாளை அவளும் வரைந்திருந்தாள், இருபத்தோராவது படம், பதினேழு குடைகள், தூரத்துக் குடை சிறிதாகவும் கிட்டத்துக் குடை பெரிதாகவும் ஒரு மயிரிழை பிசகாமல். ஒருநாள் மத்தியானம் கதவைத் தாழ்போட்டுவிட்டு அந்தப் படத்துக்குக் கீழே ஒரு எவர்சில்வர் டம்ளரை வைத்து, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, புருஷன் சங்கரபாண்டியன் வந்து கதவைத் தட்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். டம்ளரில் ஒரு கொசு செத்துக் கிடந்தது.

பிறகு அவளும் தைத்தாள். கல்யாணப் பட்டுச்சேலையை வெட்டினாள், வேலைக்குப் போன முதல் நாள் கட்டிய வாயில் சேலையை வெட்டினாள், ஆவுடைத்தங்கத்தைவிட நெருக்கமாக, நேராகத் தையல் போட்டாள். மொட்டைமாடிக் கொடியில் காயப்போட்டுப் பார்த்தபோது ஒரு நல்ல பட்டுச்சேலை போனதுதான் மிச்சம். சுவருக்கு இந்தப் பக்கம் நின்று, "ஏ ஆவுடை, அது என்ன நூலு?" என்று கேட்டாள்.

"சாதா நூலுதான்க்கா. ரவிக்கைக்குப் போடுத நூலு."

"எந்தக் கடையில?"

"நம்ம மாரியப்பன் கடைலதான். வேணும்னா ஒரு கண்டு தாரேன், என்கிட்ட இருக்கு."

அந்தக் குரலில் பெருமை இருந்தால்கூட அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஒன்றும் இல்லை. வெளியூரிலிருந்து குடத்தோடு வருகிறவர்கள் செண்பகவடிவு வீட்டு வாசலில் நின்று, "ஆவுடையக்கா ஓரகத்தி வீடு இதுதானா?" என்று கேட்டார்கள். முப்பத்தெட்டு வருஷம் ஆவுடைத்தங்கம்தான் டீச்சரோட ஓரகத்தியாக இருந்தாள்.

ஐப்பசியில் ஒருநாள், கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து, அவள் நூலகத்து வளாகத்துக்குப் போய்க் கட்டம் கட்டமாக நின்று பார்த்தாள். வெள்ளைக் கட்டத்துக்கு முன்னால் வந்ததும் காது இரண்டும் அடைத்துக்கொண்டதுபோல ஆயிற்று. அந்த அமைதிக்குள் பால் தீய்ந்த வாசனை வந்தது. கிட்டத்தில் போய்ப் பார்த்தாள். தலையணை உறைத் துணி. ஓரத்தில் அந்தக் காலத்துப் பின்னல் லேஸ். அது எந்த நாள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால், சுவர் வைப்பதற்குச் சரியாக இரண்டு வருஷம் இருந்தபோது, ஆவுடைத்தங்கம் ஒரு தலையணை உறையில் கிணறு ஒன்றைப் பூவேலையாகப் போட்டிருந்தாள். கிணற்றைப் பக்கவாட்டில் போடாமல், மேலேயிருந்து எட்டிப்பார்க்கிற மாதிரி போட்டிருந்தாள். வட்டமான தண்ணீர், அதில் கரையைச் சுற்றி நிற்கிற ஏழு பெண்களின் முகங்கள். தண்ணீரில் தெரிகிற முகம் என்பதால் ஏழும் தலைகீழ். செண்பகவடிவு அதைப் பார்த்த அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பாத்துட்டுத் தாரேன் என்று உறையை வாங்கி வைத்துக்கொண்டாள். அந்த வருஷம் ஓவிய ஆசிரியர்களுக்கான மாநிலக் கண்காட்சியில் 'கிணற்றடி' என்ற எண்ணெய் ஓவியத்துக்கு முதல் பரிசு கிடைத்தது. பத்திரிகையில் அவள் போட்டோவோடு படமும் வந்தது. உறையை அதற்கு முன்னமே துவைத்து இஸ்திரி போட்டுத் திருப்பிக் கொடுத்திருந்தாள். ஆவுடைத்தங்கம் அதைப் பற்றி அன்றும் பேசவில்லை, அதற்குப் பிறகும் பேசவில்லை.

பேசாத அந்த ஒரு நாளைத்தான் இப்போது ஊரே வந்து நின்று அனுபவித்துக்கொண்டிருந்தது. யாராவது ஒருநாள் இது என்ன நாள் என்று கேட்பார்கள், ஆவுடைத்தங்கமும் சொல்வாள். அப்படித்தான் செண்பகவடிவுக்குத் தோன்றியது.

வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு விடுமுறை, போர்வை வீட்டில் இருக்கும். மத்தியானம் மூன்று மணிக்கு ஆவுடைத்தங்கம் தைத்த ரவிக்கைகளைக் கொடுக்கப் போனதைப் பார்த்துவிட்டு, செண்பகவடிவு கொல்லைப்புறக் கதவு வழியாக அந்தப் பக்கம் போனாள். போர்வை கட்டிலில் மடித்தபடி கிடந்தது. பிரித்ததும் தொட்டில் துணியின் தென்றலில் சுவர்க் காலண்டர் படபடத்தது, தரையில் நாலு சொட்டு விழுந்தது. வெள்ளைக் கட்டத்தைத் தேடி எடுத்து, முந்தானையில் முடிந்து வந்த பிளேடால் தையலை அறுத்தாள். மூன்று பக்கம் அறுத்ததும் துணி மடல் போலத் தூக்கிக்கொண்டது. உள்ளே, உறையின் இன்னொரு பக்கத்துத் துணியில் பூவேலை இருந்தது.

அந்தக் கிணறு. வெயில் படாமல் இருபத்தெட்டு வருஷம் உள்ளே பார்த்துக் கிடந்ததால் ஒரு நூலும் நிறம் மங்கியிருக்கவில்லை. ஏழு முகங்களில் ஆறு தண்ணீரைப் பார்த்தன. ஏழாவது மட்டும் கடைக்கண்ணால் பக்கத்து முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அன்று படத்தில் வரைந்தபோது இதைப் பிசகு என்று நினைத்துத் திருத்தி, ஏழையும் நேராகப் பார்க்க வைத்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. அந்த ஏழாவது முகத்தில் கறுப்பு நூலால் இரண்டு சின்ன வட்டம் இருந்தது, அதையும் அழுக்கு என்று விட்டிருந்தாள். இப்போது பார்த்தால் அது மூக்குக்கண்ணாடி. அந்த வீட்டில் கண்ணாடி போட்ட பெண் ஒருத்திதான்.

"அதுக்கு ரெட்டைத் தையல்க்கா. பிளேடு போட்டா துணி கிழிஞ்சிரும்" என்றது பின்னால் குரல். ஆவுடைத்தங்கம் வாசலில் பையோடு நின்றாள்.

செண்பகவடிவுக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை. "இந்த ஏழாவது ஆளு…" என்றாள்.

"நீங்கதான்."

"பக்கத்துல?"

"நான்."

"நான் எதுக்கு உன்னப் பாக்கேன்?"

"நீங்க எப்பமும் அப்படித்தானக்கா பாப்பீங்க." சோறு வெந்துவிட்டது என்று சொல்வதுபோல அதைச் சொல்லிவிட்டு, பையை ஆணியில் மாட்டினாள்.

வெள்ளைக் கட்டம் விரிந்து கிடந்ததால் அந்த அறையில் வேறு சத்தமே இல்லை. செண்பகவடிவு கேட்டாள்: "பேப்பர்ல வந்த அன்னைக்கு ஏன் ஒண்ணும் சொல்லல?"

"அடுப்புல பால் இருந்துச்சு. அவுக பேப்பர விரிச்சு, மதினி படம் வந்திருக்கு பாருன்னு காட்டுனாக. பாத்தேன். பால் பொங்கி வழிஞ்சு அடுப்பே அணைஞ்சிட்டு. கொல்லைக்கு வந்து நின்னா ஒரு இலை ஆடல. என்ன சொல்லணும்னு எனக்குத் தெரியலக்கா."

"என்கிட்ட வந்து கேட்டிருக்கலாம்லா."

"கேட்டா இல்லைன்னு சொல்லியிருப்பீங்க."

அது உண்மைதான். எந்த வார்த்தைகளில் இல்லை என்று சொல்லியிருப்பாள் என்பதுகூடச் செண்பகவடிவுக்குத் தெரிந்தது. "மறந்திருப்பன்னு நெனச்சேன்" என்றாள்.

"மறக்கல. தச்சிட்டேன்." ஆவுடைத்தங்கம் மிஷின் பெட்டியிலிருந்து ஊசியும் வெள்ளை நூலும் எடுத்து நீட்டினாள். "பிரிச்சத நீங்களே தச்சிருங்க. நாளைக்குக் காலையில ஜனம் வந்து நிக்கும். எனக்கு இன்னும் ரெண்டு ரவிக்கை கிடக்கு."

"படம் வெளிய தெரியணுமா?"

"இருந்தபடியே இருக்கட்டும்."

செண்பகவடிவு மூன்று பக்கத்தையும் தைத்தாள். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்குத் திரும்பி வந்தபோது, வருத்தம் என்று ஏதாவது வருகிறதா என்று தன்னைத் தடவிப் பார்த்தாள், வரவில்லை. தன்னுடைய பொறாமையைக்கூட ஓரகத்திதான் முதலில் வரைந்திருக்கிறாள், அதுவும் கண்ணாடியோடு, அதுவும் தன்னால் ஒருநாளும் முடியாத கோணத்தில் என்கிற நினைப்புதான் வந்தது. வந்து, நெஞ்சுக்குழியிலிருந்து அடிவயிறு வரை இறங்கிக் கனன்றது. அதையாவது நான் வரைகிறேன் என்று அவள் புதிய கித்தானை ஆணியடித்து இழுத்துக் கட்டினாள்.

மூன்று நாள் வரைந்தாள். முப்பத்தாறு வயது செண்பகவடிவு பின்கட்டு அறையில் தலையணை உறையைப் பலகையில் குத்தி வைத்துக்கொண்டு, ஒரு கண் உறையிலும் ஒரு கண் கதவிலுமாகப் பார்த்து வரைந்துகொண்டிருக்கிறாள். கை ஒரு பக்கம் பெரிதாக விழுந்துவிட்டது, கதவு கோணிவிட்டது. எதையும் திருத்த அவள் மெனக்கெடவில்லை. மூன்றாம் நாள் காய்ந்ததா என்று தொட்டுப் பார்த்தபோது கித்தான் சுட்டது. வெயில் படுகிறதோ என்று ஜன்னலைச் சாத்திவிட்டுத் தொட்டாள், அப்போதும் சுட்டது. அப்போதுதான் இறக்கி வைத்த தோசைக்கல்லின் சூடு அல்ல, இறக்கி வைத்துக் கொஞ்ச நேரம் ஆன கல்லின் சூடு.

படத்தைச் சேலைத் தலைப்பால் பிடித்துத் தூக்கிக்கொண்டு நூலகத்துக்குப் போனாள். இம்மானுவேல் கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு பார்த்தார்.

"இது யாரு டீச்சர்?"

"நான்தான். ஆவுடைத்தங்கம் போட்ட படத்தத் திருடிட்டிருக்கேன்."

குடத்தோடு வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆவுடைத்தங்கமும் அங்கேதான் இருந்தாள். போர்வையின் ஒரு முனை கம்பியிலிருந்து நழுவியிருந்ததைச் சரிசெய்துகொண்டிருந்தவள் படத்தை ஒருமுறை பார்த்தாள், டீச்சரை ஒருமுறை பார்த்தாள், விட்ட வேலையைத் தொடர்ந்தாள். இம்மானுவேல் படத்தைப் போர்வைக்கு எதிர்ப்பக்கம், பழைய அறிவிப்புப் பலகை இருந்த இடத்தில் மாட்டிவிட்டு, சீட்டும் பேனாவுமாக நின்றார். "தலைப்பு ஒண்ணு போடணுமே."

"வயித்தெரிச்சல்னு போடுங்க."

அவர் எழுத்துப்பிழை இல்லாமல் எழுதி ஒட்டினார். அவளிடம் ஒன்பதாம் வகுப்பில் படித்த இட்லிக்கடை அருள்செல்வி குடத்தை இறக்கி வைத்துவிட்டு வந்து ரொம்ப நேரம் பார்த்தாள். பார்த்துவிட்டு, "உங்க படத்துல இதுதான் டீச்சர் உங்கள மாதிரி இருக்கு" என்றாள். பிறகு இரண்டு கையையும் படத்துக்கு நேராக நீட்டி, திருப்பித் திருப்பிக் காட்டினாள். "நல்ல கணகணப்பு. ராத்திரியும் இப்படியே இருக்குமா?"

"தெரியல. எனக்கு இருக்கு. அதனால இருக்கும்னு நெனைக்கேன்" என்றாள் செண்பகவடிவு.

இருந்தது. மார்கழியில் நெடுவிளாத்தியில் பனி இறங்கினால் தோசை மாவு இரண்டு நாளானாலும் பொங்காது. அருள்செல்வி முதலில் ஒரு தூக்குவாளி மாவைக் கொண்டுவந்து படத்துக்குக் கீழே வைத்துப் பார்த்தாள், நாலு மணி நேரத்தில் மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கி நின்றது. அடுத்த நாள் ஏழு தூக்குவாளிகள் வந்தன, அதற்கடுத்த நாள் வரிசை கொடிக்கம்பத்தைத் தாண்டியது. முட்டிவலிக்காரர்கள் காலை நீட்டி உட்கார்ந்தார்கள். மதியத்துக்கு மேல் அப்பளம் இடுகிறவர்கள் வந்தார்கள். டீச்சரோட வயித்தெரிச்சல்ல வச்ச மாவு பஞ்சு மாதிரி வருது என்று ஊரில் சாதாரணமாகப் பேசிக்கொண்டார்கள், அதில் கேலி இல்லை. சங்கரபாண்டியன்தான் கொஞ்ச நாள் தெருவில் தலையைக் குனிந்து நடந்தார். பிறகு அவரும் சாயங்காலத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு அங்கே போய் உட்கார ஆரம்பித்தார். செண்பகவடிவு 'கிணற்றடி'யையும் பரிசுப் பத்திரத்தையும் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்தாள். நாற்பதில் மிச்சமிருந்த படங்களை அவள் வரையவில்லை. தினமும் காலையில் நூலகத்து வாசலில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, இந்தப் பக்கத்து வரிசையையும் அந்தப் பக்கத்து வரிசையையும் எண்ணினாள்.

அந்தப் பக்கத்தில்தான் எப்போதும் ஆள் அதிகம். எண்ணி முடிக்கும்போதெல்லாம் படத்தின் சூடு ஒரு சுற்று ஏறுவதை அருகில் நின்றவர்கள் உணர்ந்தார்கள். மாவுக்கு நல்லதுதானே என்று பேசாமல் இருந்தார்கள்.

தை பிறப்பதற்கு நான்கு நாள் முன்னால், இருபத்து மூன்றுக்குப் பதினேழு என்று எண்ணி முடித்தவள், பதினேழாவது ஆள் யாரென்று நிமிர்ந்து பார்த்தாள். ஆவுடைத்தங்கம் வரிசையின் கடைசியில், ஈயம் பூசிய பித்தளைச் சட்டி நிறைய மாவோடு, துணியைப் போட்டு மூடிக்கொண்டு நின்றிருந்தாள்.

"நீ எதுக்குட்டி வரிசையில நிக்க?"

"மக பிள்ளைகளோட வந்திருக்காக்கா. ரெண்டு நாளாச்சு, மாவு அப்படியே கல்லு மாதிரி கிடக்கு." பனிக்கு அவள் உதடு வெடித்திருந்தது. "உங்க சூடு நல்ல சூடுன்னு எல்லாரும் சொல்லுதாக."

முன்னால் வந்துவிடு என்று சொல்லச் செண்பகவடிவுக்கு வாய்வரை வந்தது. சொல்லவில்லை. நாற்காலியை ஓரமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, பதினாறு பேருக்குப் பின்னால் தன் ஓரகத்தி முறைக்குக் காத்து நிற்பதை, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, கடைசிவரை பார்த்தாள்.